கூறியதும் கூறாததும்

பரீட்சை எழுதுதல் நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியபின் அதன் பண்டித பரீட்சையிற் சித்தியெய்திய ஈழத்தவர் உளர். யாழ்ப்பாணத்து ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் வைத்த பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மூன்று படிகளையும் ஏறியவர் பலர். அப்பரீட்சைகளுக்குச் சென்றவன் தான் கற்ற நூலையெல்லாம் மனத்திற் சுமந்து சென்றான். சுமை மிகுந்தவனே வென்றான். இன்று நம் பிள்ளைகள் எழுதும் பரீட்சையொன்று, வாயிலிலேயே அச்சுமையை இறக்கிவைத்து உள்ளே வா என்கிறது. இறக்காமற் போனவனுக்குப் புள்ளி குறைகிறது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்று எல்லாரும் வழங்கும் ஆங்கிலத் தகைமைப் பரீட்சையின் வாசித்தற் பகுதியையே குறிப்பிடுகின்றேன்.

ஆங்கிலப் பரீட்சையைப் பற்றித் தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன பேச்சு என்று சில அன்பர்கள் வினவக்கூடும். வினாவுக்கு விடை கட்டுரையிலேயே கிடைக்கும். ஆதலின் சற்றுப் பொறுத்திருக்க.

இப்பரீட்சை 1989ஆம் ஆண்டு முதல் நடைபெறுவது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு கூறுடையது. சித்தி, சித்தியின்மை என்னும் பாகுபாடு இதில் இல்லை; 9 வரையுள்ள படிகளில் எந்தப் படியில் நிற்கிறாய் என்று மட்டும் சொல்லும். அச்சொல்லும் இரண்டாண்டுக்கே செல்லும். வாசித்தற் பகுதிக்கு 60 நிமிடம், 40 வினா. பல்கலைக்கழகம் புகுவோர்க்குரிய பிரிவில் மூன்று நெடும் பகுதிகள் தரப்படும். மூன்றுஞ் சேர்ந்து 2,750 சொல் வரை செல்லும். அவை நூல், சஞ்சிகை, செய்தித்தாள் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவன. தேனீயும் வரலாம், தேர்ச்சக்கரமும் வரலாம். 40இல் ஏறத்தாழ 23 சரியாயின் 6ஆம் படி. ஏறத்தாழ 30 சரியாயின் 7ஆம் படி. இடைவெளி ஏழே விடை. அந்த ஏழு விடைக்குள் ஒரு பிள்ளையின் அனுமதிக் கடிதமும், தாய் தோட்டை அடகுவைத்துக் கட்டிய கட்டணமும் அகப்பட்டுக் கிடக்கின்றன.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் பெருவீதியில், தருமபுரம் கழிந்து உடையார்கட்டுக்கு முன்னே இருப்பது விசுவமடு. காடு வெட்டிக் கழனி கண்ட ஊர். கற்ற இளைஞர்க்குக் காணி வழங்கிப் பயிர்செய்விக்கும் குடியேற்றத் திட்டங்கள் எழுந்த காலத்தில் இதுவும் அவற்றுள் ஒன்றாய் நின்றது. 1970க்கும் 1977க்கும் இடையே வெளிநாட்டுச் சரக்குக்குத் தடை நிலவிய நாளில், மிளகாயாலும் வெங்காயத்தாலும் வன்னி நிலத்து உழவர் தலைநிமிர்ந்தனர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுத்தம் நெருங்கி வர, ஊர் முழுதும் பெயர்ந்தது. மீண்டு வந்தோர் காணியைத் துப்புரவாக்கினர், கிணற்றை இறைத்தனர், கொட்டில் போட்டனர். போனவற்றுட் பலவற்றை மீட்டனர். அலுமாரியில் இருந்த அகராதியை மீட்டவர் எத்தனை பேர்? அக்காலத்திற் கைக்குழந்தைகளாயிருந்தவர்களே இன்று இப்பரீட்சைக்கு அமர்பவர்கள்.

குடாநாட்டின் கதை வேறு. வட்டுக்கோட்டையில் 1823 முதல் 1855 வரை நிலவிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே உயர்நிலையிற் கற்பிக்கப்பட்டன. அதனையடுத்துத் தோன்றிய கல்லூரிகளின் நிழல் மூன்று நான்கு தலைமுறைக்கு விழுந்தது. வன்னிப் பெருநிலத்தில் அந்நிழல் விழவில்லை. விசுவமடுப் பிள்ளைக்குப் பாட்டனும் ஆங்கிலம் வாசித்தவனல்லன், அயலவனும் வாசிப்பவனல்லன். பாடசாலையில் மூன்றாந் தரம் முதல் ஆங்கிலம் உண்டு என்பது விதி. ஆசிரியர் உண்டோ என்பது ஆண்டுக்காண்டு மாறும். உயர்தரத்தில் வைக்கும் பொது ஆங்கிலப் பாடத்தின் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்குச் சேர்வதில்லை. சேராத பாடத்தை யார் படிப்பர்?

இவ்வூரில் மாலை வகுப்பொன்று நடக்கிறது. ஓர் அறையில் யான் உயர்தர மாணாக்கர்க்குத் தமிழ் சொல்லுவேன். அடுத்த அறையில் நண்பரொருவர் ஆங்கிலம் சொல்லுவார். இடையே இருப்பது தகரம். ஒருநாள் அவர் என்னை அழைத்து, “இதைத் தமிழில் ஒருக்கால் விளங்கப்படுத்திவிடுங்கோ, பண்டிதர்” என்றார். அவரை வருத்திய வினா இது: ஒரு கூற்றைத் தந்து, அது வாசித்த பகுதிக்கு ஏற்புடையதா, முரணானதா, அன்றி அப்பகுதியிற் கூறப்படாததா என்று குறிக்கும்படி கேட்பது. ‘ட்ரூ’, ‘ஃபோல்ஸ்’, ‘நொட் கிவன்’ என்பர். முரணானதற்கும் கூறப்படாததற்கும் வேற்றுமை காணமாட்டாமல் வகுப்பு முழுதும் தடுமாறிக்கொண்டிருந்தது.

கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன். மாரி மழை பிந்திய ஆண்டில் மேட்டுக்காணி உழவர் சிலர் நெல்லை விட்டு உழுந்து விதைத்தனர். இதன் கீழ் மூன்று கூற்றுகள்: மழை பிந்தியபோது பயிர் மாற்றியோர் இருந்தனர், மேட்டுக்காணி உழவர் யாவரும் உழுந்து விதைத்தனர், உழுந்து நெல்லினும் மிகுந்த ஆதாயம் தந்தது. முதற் கூற்று ஏற்புடையது என்பதில் எவரும் தடுமாறவில்லை. இரண்டாவது முரண் என்பதைச் சிறிது நேரத்திற் கண்டனர். மூன்றாவதிலே சண்டை மூண்டது. உழவர் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, “சேர், உழுந்துக்கு நல்ல விலை. நெல்லுக்குக் கூலியும் பசளையும் போக என்ன மிஞ்சுது? அப்ப அது சரிதானே?” என்றாள். பின்வாங்கிலிருந்து ஒருவன், “மழை பெய்தா உழுந்து அழுகிப்போம் சேர். அது பிழை” என்றான். இருவரும் நன்கு அறிந்தே பேசினர். “பிள்ளை, அது உமக்குத் தெரியும். இந்த வாக்கியத்துக்குத் தெரியுமோ?” என்று கேட்டேன். அவள் பலகையை மறுபடியும் பார்த்தாள். வகுப்பும் பார்த்தது.

இடர்ப்பாடு இங்கேதான் உளது. ஆங்கிலம் அறியாமை ஒரு குறைதான். அதனை யான் மறைக்கவில்லை. ஆயின் அந்த வாக்கியத்தில் ஆங்கிலம் ஓரெழுத்தும் இல்லை. தாய்மொழியிலே எழுதிய பதினொரு சொல்லுக்குள் நின்று, அதற்குப் புறத்தே போகாமல் விடை சொல்லல் அவர்களுக்கு இயலவில்லை. காரணம், நாம் அப்படிப் பழக்கவில்லை. தமிழ் வகுப்பிலும் வரலாற்று வகுப்பிலும் குறிப்புக் கொடுக்கின்றோம். குறிப்பை மனனம் செய்விக்கின்றோம். கேட்டதற்கு மேலாக எழுதியவனுக்கு மேலாகப் புள்ளி இடுகின்றோம். தந்த செய்யுளைப் பாராமலே அச்செய்யுளைப்பற்றி இரண்டு பக்கம் எழுதவல்ல மாணாக்கர் நம்மிடம் உளர். இவர்களைச் சுயமொழிக் கல்வி கெடுத்ததென்பார் கூற்றை யான் ஒப்பேன். கெடுத்தது குறிப்பு.

நம் பழைய கல்வி முறை இதற்கு நேர்மாறானது. உரையாசிரியர்கள் வழியிற் கற்றவனுக்கு இவ்வினா விளையாட்டு. நூலாசிரியன் கூறியது இது. கூறியதனாற் பெறப்படுவது இது. கூறாது விட்டது இது என்று மூன்றையும் பிரித்துக் காட்டுதலே உரையின் தொழில். அளவை நூலார் அருத்தாபத்தி என்றொரு பிரமாணம் கூறுவர். பகலில் உண்ணாதவன் உடல் பருத்திருக்கிறான் என்றால், அவன் இரவில் உண்கிறான் என்பது சொல்லாமலே பெறப்படும். பெறப்படுவதை மறுக்கலாகாது. ஆயின் அவன் உண்டது சோறா கூழா என்று கேட்டால்? அது கூறப்படவில்லை. இரவில் உண்டான் என்பதற்கு ஏற்புடையது என்று குறிக்க. சோறு உண்டான் என்பதற்குக் கூறப்படாதது என்று குறிக்க. பருமனைப் பார்த்தாற் சோறாகத்தான் இருக்கும் என்று கருதுபவனுக்கு அந்தப் புள்ளி இல்லை.

வட்டுக்கோட்டை செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். அவரே பின்னர் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேற்றினார். ஆங்கிலத்துக்கு ஓர் அறிவு, ஏட்டுக்கு வேறோர் அறிவு என்று அவரிடம் இருந்திருக்க முடியாது. பதிப்பாசிரியன் முன் கிடக்கும் ஏட்டிற் சொல் சிதைந்திருக்கும். அவ்விடத்து எது இருந்தாற் பொருந்தும் என்பது அவனுக்குத் தோன்றும். தோன்றியதை ஏட்டில் இருந்ததாக எழுதினால் அவன் பதிப்பாசிரியன் அல்லன். இருப்பதையும் இருக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுவதையும் கலவாமல் வைக்கும் அந்தக் கட்டுப்பாட்டையே, நம் பிள்ளைகளிடம் இப்பரீட்சை 60 நிமிடத்துக்கு இரவல் கேட்கிறது.

ஒத்த வடிவினதாய் இன்னொரு வினா உண்டு. ஆசிரியரின் கருத்துக்கு இது இயைந்ததா என்று கேட்பது. இதில் வீழ்வோர் பெரும்பாலும் ஒரே குழியில் வீழ்வர். எழுதினவர் பிறருடைய கொள்கையை எடுத்துக் கூறி, நான்கு வரி கழித்து அதனைக் களைந்திருப்பார். மாணாக்கன் முதல் நான்கு வரியிலே நின்றுவிடுவான். பிறன் மதத்தை மேற்கொண்டு பின் களைதல் என்பது நன்னூலார் கூறிய எழுவகை மதங்களுள் ஒன்று. அதைப் பாயிரத்திற் படித்த பிள்ளை, அதே வித்தை ஆங்கில உடை உடுத்து வரும்போது அடையாளம் காண்கிறதில்லை. நாம் அறிமுகம் செய்துவைக்கவில்லை.

இனி இடைச்சொற்கள். இதனை ஆசிரியர்கள் உற்று நோக்கவேண்டும் என விரும்புகின்றேன். இப்பரீட்சையில் வீழ்ச்சி பெரிய சொற்களால் வருவதிலும் சிறிய சொற்களால் வருவது மிகுதி. ‘ஒன்லி’, ‘ஓல்’, ‘சம்’, ‘மோஸ்ற்’, ‘ஈவன்’, ‘மே’ என்பன அச்சிறிய சொற்கள். பெரிய சொல்லுக்குப் பொருள் தெரியாவிடின் மாணாக்கன் நின்று பார்ப்பான். சிறிய சொல் தெரிந்த சொல்லாதலின் நில்லாமல் தாண்டிவிடுவான். உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார் தொல்காப்பியர். ஓரிடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் ஏன் என்று மாணாக்கர் முணுமுணுப்பர். ஏனென்பதை இப்பரீட்சை காட்டுகிறது. இராமனே வந்தான் என்னும் பிரிநிலை ஏகாரத்தின் வேலையை ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ செய்கிறது. நால்வரும் வந்தனர் என்னும் முற்றும்மையின் வேலை ‘ஓல்’ என்பதற்கு. குறவரும் மருளும் குன்றம் என்றவிடத்துச் சிறப்பும்மை நிற்பதுபோல ‘ஈவன்’ நிற்கும். பெய்யினும் பெய்யும் என்னும் ஐயத்தின் வேலை ‘மே’ என்பதற்கு. ‘மே’ என்று பகுதியில் இருக்க, கூற்றிலே உறுதியாகச் சொல்லியிருந்தால் அவ்விரண்டும் ஒன்றல்ல. உம்மையின் பொருள் வேற்றுமை அறிந்த மாணாக்கனுக்கு இதனை விளக்க அரை மணி போதும். அறியாதவனுக்கு ஆங்கில இலக்கண நூல் முழுதையும் புரட்டினாலும் போதாது.

பந்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் வினாவும் அத்தகையதே. ஒவ்வொரு நூற்பாவின் தொடக்கத்திலும் அது நுதலிய பொருள் இன்னதென்று கூறிவிட்டே உரையாசிரியர் மேற்செல்வர். பந்தியிற் காணப்படும் பொருள் பல. பந்தி நுதலிய பொருள் ஒன்று. யானையைப்பற்றிய பந்தியிற் பாகன் வரலாம், சங்கிலி வரலாம், கரும்பும் வரலாம். கரும்பு என்ற சொல்லைக் கண்டவுடன் கரும்பு என்ற தலைப்பைப் பொருத்துகிறவன் நுதலிய பொருளைத் தேடவில்லை. கண்ணிற் பட்டதைப் பிடித்தான்.

சொற்களைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாணாக்கர் கொப்பியில் ஆங்கிலச் சொற்களை எழுதி எதிரே தமிழ்ப் பொருள் எழுதுகின்றனர். நாளுக்குப் பத்துச் சொல் என்று கணக்கு வைத்திருப்பவரும் உளர். அது அகராதி முறை. வினாவை ஆக்குவோர் பகுதியில் உள்ள சொல்லை வினாவில் வையார். அதே பொருளில் வேறு சொல் வைப்பர். பகுதியில் ‘வீழ்ச்சி’ என்றிருந்தால் வினாவிற் ‘குறைவு’ என்றிருக்கும். ஆதலின் இங்கே வேண்டுவது நிகண்டு முறை. வீரமாமுனிவர் 1732இற் சதுரகராதி செய்யுமுன் நம் முன்னோர் சொல்லைத் திவாகரத்திலும் பிங்கலத்திலும் சூடாமணியிலும் கற்றனர். அவற்றுள் ஒரு பொருளைச் சுட்டும் பல சொற்கள் ஒரே வீட்டில் இருக்கும். ஒரு சொல்லைத் தட்டினால் உடன்பிறந்தார் அனைவரும் எழுந்து வருவர். கொப்பியை அப்படி வகுத்தெழுதச் சொன்னேன். பக்கத்துக்கு ஒரு பொருள். உயர்தல் என்பதற்கு ஒரு பக்கம், தடுத்தல் என்பதற்கு ஒரு பக்கம். புதுச்சொல் வரும்போது எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்து அங்கே சேர்க்க. நண்பர் முதலிற் சிரித்தார். இப்பொழுது அவரும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்.

நேரம் ஒரு கொடிய விஷயம். பகுதிக்கு 20 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆயின் மூன்றாவது பகுதி பெரும்பாலும் கடினமானது. முதற் பகுதியை 20 நிமிடத்தின் முன்னரே முடித்து மிஞ்சியதைக் கடைசிக்குச் சேமித்தல் நன்று. இப்பொழுது பெரும்பாலும் கணினித் திரையிலேயே பரீட்சை நடக்கிறது. கைத்தொலைபேசியிற் செய்தித் துணுக்கு வாசித்துப் பழகிய கண், பெருந்திரையில் ஒருபுறம் பகுதியும் ஒருபுறம் வினாவும் நிற்க, இரண்டையும் ஓட்டிப் பழகவேண்டும். வசதியுள்ள நகரத்துப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டன்று. விசுவமடுவில் ஒரு கணினிக்கு முன் எண்மர் நிற்பர்.

தனியார் நிலையங்கள் சிலவற்றிற் கற்பிக்கும் தந்திரமொன்று பரவியிருக்கிறது. பகுதியை வாசிக்காதே, வினாவில் உள்ள பெயரையும் ஆண்டையும் பிடித்துக்கொண்டு பகுதியிலே தேடு, கண்ட இடத்தில் விடை என்பது அது. நன்னூலார் கடைமாணாக்கருக்கு உவமை கூறியபோது ஆட்டையும் சேர்த்தார். ஆடு ஒரு செடியில் நிறைய மேயாது. அங்கொரு வாய் இங்கொரு வாய் கடித்து ஓடும். அன்னத்தையோ முதன் மாணாக்கருக்கு உவமித்தார். இந்தப் பரீட்சையில் ஆட்டுக்கும் வேலை உண்டு என்பதை ஒப்புகின்றேன். முதல் மூன்று நிமிடம் பகுதி முழுதையும் மேலாக மேய்ந்து எது எங்கே இருக்கிறதென்று அறிதல் ஆட்டின் தொழில். அத்தொழிலை ஆடு நன்றாகச் செய்யும். ஆயின் விடை இருக்கும் வரியைக் கண்டபின் அன்னம் வரவேண்டும். பாலும் நீரும் அங்கேதான் கலந்து கிடக்கின்றன. ஆட்டையே கடைசிவரை நம்பினவன் பெயரையும் ஆண்டையும் கேட்கும் எளிய வினாக்களிற் புள்ளி பெறுவான். கூறப்படாதது என்னும் வினாவில் அவன் மாட்டான், தேடித் தேடி நேரத்தை இழப்பான். இல்லாததை எவ்வளவு நேரம் தேடுவது? ஏற்புடையதா முரணானதா என்னும் இவ்வகை வினாக்கள் பகுதியின் வரிசையிலேயே வரும் என்பதை அறிந்தவன், முன் வினாவின் இடத்துக்கும் பின் வினாவின் இடத்துக்கும் நடுவே தேடி, அங்கே இல்லையாயின் இல்லை என்று எழுதி மேற்செல்வான்.

இப்பிள்ளைகளைப் பிறநாட்டுக்கு அனுப்புவதற்கோ இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. விசுவமடுவிலிருந்து பேருந்தில் ஏறிப் போய்வரக்கூடிய தூரம். அங்கே கற்கும் மொழி ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழிற் கற்றுத் திறமையோடு உட்புகுந்த பிள்ளை, முதல் மாதத்தில் நீரியல் நூலொன்றின் ஒரு பக்கத்தைக் கடக்க இரவு முழுதும் விழித்திருக்கிறது. அப்பிள்ளை எந்த விமானத்திலும் ஏறவில்லை. ஏறுகிறவர்களும் ஏறாதவர்களும் ஒரே வாசிப்பைத்தான் கற்கவேண்டும்.

நாளுக்கு ஒரு பந்தி போதும் என்று வகுப்பிற் சொல்லியிருக்கின்றோம். ஆங்கிலச் செய்தித்தாளின் ஆசிரியத் தலையங்கத்தில் ஒரு பந்தி; தாள் பழையதாயினும் குற்றமில்லை, கடையிற் சுற்றித் தந்ததாயினும் ஆகும். வாசித்து, அது நுதலிய பொருளைத் தமிழில் ஒரு வரியில் எழுதுக. பின் அதனைப்பற்றி மூன்று கூற்று நீயே ஆக்குக: ஒன்று ஏற்புடையது, ஒன்று முரண், ஒன்று கூறப்படாதது. ஆக்கியதை அயலிலிருப்பவனிடம் கொடுத்து விடை கேட்க. மூன்றாங் கூற்றை ஆக்குதலே அரிது. முதல் வாரத்தில் ஒருவர்க்கும் அது கைவரவில்லை. உழுந்துக்கு வழக்காடிய பெண்பிள்ளைதான் முதலிற் கைவரப் பெற்றவள். அவள் ஆக்குகிற கூற்று வெகு நேர்த்தியாய் மெய்போலவே இருக்கும். பின்வாங்கிற் பையன் நாளும் ஏமாறுகிறான்.

பரீட்சை நாளுக்கு இரண்டு சிறு செய்திகள் மிஞ்சியுள்ளன. இரண்டு சொல்லுக்கு மேற்படாமல் எழுதுக என்றால் மூன்றாஞ் சொல் விடையையே கெடுக்கும். எழுத்துப் பிழையும் அவ்வாறே. பிழைத்த விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை. ஆதலின் விடை அறியாத இடத்தையும் வெறுமையாய் விடாமல், மணி அடிக்குமுன் ஏதேனும் ஒன்றைக் குறித்துவிட்டே எழுந்திருக்க.